பரிசலில் ஒரு காலை: ஏரி ஆய்வு உதவியாளருக்கு முதல் பாடம்

மீன்வள ஆய்வில் கள உதவியாளராகச் சேருகிறவர்கள் மீன் பிடிக்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் வாரம் முழுக்க என் கையில் இருந்தது மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. நீரில் கரைந்த ஆக்சிஜனைச் சரியாக அளக்கத் தெரிந்துவிட்டால் இந்த வேலையில் பாதி கைவந்த மாதிரி. அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மேட்டூர் நீர்த்தேக்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் இதே முறைதான்.

1. விடிவதற்குள் கரையில் இருங்கள்

பகல் வெயிலில் நீரிலுள்ள பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதே பாசி மீனோடு போட்டிபோட்டு உறிஞ்சும். ஆகவே விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். பதினோரு மணிக்கு அளந்துவிட்டு "நீர் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது, சாப்பிட்டு எழுந்தவனிடம் பசிக்கிறதா என்று கேட்பது போல.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் போச்சு. நேரம், இடம், நீரின் வெப்பநிலை, அணையின் நீர்மட்டம் எல்லாம் முதலில். பண்ணவாடிப் பக்கம் நீர் இறங்கினால் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும். பார்க்க அழகுதான், ஆனால் நமக்கு வேண்டியது அடிக்கணக்கு. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி.

2. குப்பியை நிரப்புதல்

300 மில்லி குப்பி. வாளியில் மொண்டு ஊற்றாதீர்கள், காற்று கலந்துவிடும். மாதிரி எடுக்கும் கருவியின் ரப்பர் குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, மெதுவாக நிரப்பி, இரண்டு மூன்று குப்பி அளவு வழிய விடுங்கள். மூடியைச் சாய்த்துப் போட்டு, குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஒருமுறை "சின்னக் குமிழிதானே" என்று விட்டேன். பக்கத்துக் குப்பியோடு கணக்கு ஒத்துப்போகவில்லை. அந்த இடத்துக்கே மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று.

3. ஆக்சிஜனைப் பிடித்து வைத்தல்

இது விங்க்லர் முறை, 1888இல் வந்தது. இன்று மீட்டர்கள் இருந்தாலும், மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இதுதான் கைகொடுக்கும்.

பரிசலிலேயே, கையுறை போட்டுக்கொண்டு, மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு-அசைடு கரைசல் 1 மில்லி விடுங்கள். பிப்பெட்டின் (மில்லி கணக்கில் அளந்து விடும் குழாயின்) முனை நீர்ப்பரப்புக்குக் கீழே இருக்கட்டும். மூடி, பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். காப்பிப்பொடி நிறத்தில் வீழ்படிவு இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த ஆழத்தில் ஒன்றுமில்லை. அணையை ஒட்டிய ஆழமான இடத்தில் அடிநீரில் வெள்ளை வந்தால் பதற வேண்டாம், அதுவும் ஒரு தகவல்தான்.

படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி. மூடிக் கலக்கினால் படிவு கரைந்து தேன் நிறமாகும். இதை நிழலில் வைத்துக் கரைக்குக் கொண்டுவரலாம், அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

4. கணக்கு

அந்தத் தேன் நிறக் கரைசலில் 201 மில்லி அளந்து (ஊற்றிய மருந்துக்கு ஈடாக அந்த 1 மில்லி), 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் மாவுக்கரைசல் சேர்த்தால் நீலமாகும். நீலம் மறையும் சொட்டில் நிறுத்துங்கள். செலவான மில்லிதான் விடை: 5.6 மில்லி என்றால் லிட்டருக்கு 5.6 மில்லிகிராம். கொஞ்ச நேரத்தில் நீலம் திரும்ப வரும்; அதைப் பார்த்து மறுபடி சொட்டு விடாதீர்கள். கெண்டை மீன்களுக்கு 5க்கு மேல் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் சிரமம்.

5. மீன்

வலை எடுத்து வரும் அண்ணன்மார் எடை போட்டு விற்க அவசரப்படுவார்கள். மீன் அவர்களுடையது, நாம் இடையில் புகுந்தவர்கள். கட்லாவோ ரோகுவோ ஜிலேபியோ, சட்டென்று அளவுப் பலகையில் வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம், அப்புறம் எடை, முதுகுத்துடுப்புக்குக் கீழே நான்கைந்து செதில், அவ்வளவுதான். எடையை 100ஆல் பெருக்கி நீளத்தின் மும்மடியால் (நீளம் × நீளம் × நீளம்) வகுத்தால் மீனின் சதைப்பற்று தெரியும்: 30 செ.மீ., 400 கிராம் என்றால் 1.48.

6. செக்கி தட்டு

நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க, கறுப்பு வெள்ளையாகப் பிரித்த 20 செ.மீ. தட்டு. வெயில் ஏறியதும், நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். மறையும் ஆழம், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. 85, 79 என்றால் 82 செ.மீ. பரிசல் சுழன்றால் கயிறு சாய்ந்து ஆழம் கூடுதலாகக் காட்டும். துடுப்பைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.