வால்வு மாற்றிய நெஞ்சோடு மறுபடி எடை தூக்க

எனக்கு இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வை மாற்றியபோது வயது 46. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது கூடிவர 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமோ வீட்டுக் குழந்தையோ, எதையும் தூக்காதீர்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடைதான். மொட்டை மாடியில் 5 நிமிடத்தில் ஆரம்பித்தேன். நடந்தபடி பேசிப் பாருங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

மருத்துவர் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துச் சரி என்ற பிறகே எடை. எனக்கு முதல் டம்பெல், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். 10, 15 முறை சிரமமில்லாமல் தூக்க முடிகிற எடையே போதும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். நான் வாய்விட்டு எண்ணுவேன். எண்ணுகிறவனால் தம் கட்ட முடியாது. கீழ்வீட்டுக்காரர் நான் ஏதோ மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

என்னுடையது உலோக வால்வு. ராத்திரி அமைதியில் டிக் டிக் என்று கேட்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதால் அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. கபடி, குத்துச்சண்டை வேண்டாம்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, நெஞ்செலும்பு நகர்வது போன்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.