ஊரில் மாதம் ஒரு பேச்சு: பாதி நேரம் கேள்விக்கு

பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆறு வருடமாக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பொதுப் பேச்சு நடத்துகிறோம். அறிவியல், அறம், பண்பாடு, ஊர் நடப்பு, எதுவும் வரலாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறீர்களா? எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

தலைப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. ‘அறிவியலும் அறமும்’ என்று நோட்டீஸ் அடித்தபோது வழக்கமாக வரும் பதினைந்து பேர் வந்தார்கள். ‘மூச்சு ஓடும்போதே இறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்கிறார்கள்?’ என்று அடித்தபோது அறுபது நாற்காலி போதவில்லை. உறுப்பு தானம் பற்றிய கூட்டம் அது. வீட்டில் பேசத் தயங்குகிற கேள்வி ஒன்றைப் பிடியுங்கள். அதையே தலைப்பாக வையுங்கள்.

தேதி குறிக்கும்முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் யாரும் வர மாட்டார்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு அரை மணி முன்பே கூட்டத்தை முடித்துவிடுங்கள்.

பேச்சாளராக மேடைப் பழக்கம் உள்ளவரைத் தேடாமல், அந்த வேலையைத் தினமும் செய்கிறவரைத் தேடுங்கள். உறுப்பு தானக் கூட்டத்துக்கு நாங்கள் அழைத்தது, மருத்துவமனையில் உறவினர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஓர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரை. 2008ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, அதிலிருந்து ஆரம்பித்தார். எல்லோருக்கும் நினைவில் இருந்த செய்தி. அப்புறம் சட்டத்துக்கு வந்தார். மூளைச்சாவை ஒரே மருத்துவர் முடிவு செய்ய முடியாது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரை விலக்குவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும், உடம்பு தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைச் சொல்லும்போது அவர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தானும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் முன்பே பேச்சாளரிடம் நாற்பது நிமிடம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் முதல் கூட்டத்தில் நான் இதைச் சொல்லவில்லை. பேச்சு ஒன்றே முக்கால் மணி நேரம் போனது, கேள்வி ஒன்றே ஒன்று. விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1813லேயே நண்பருக்கு எழுதிய கடிதத்தில், யார் பேசினாலும் ஒரு மணி நேரம் போதும் என்று எழுதியிருக்கிறார். வகுப்பில் பாரடேயின் விதியை அத்தனை வருடம் நடத்தியவன், அந்தக் கடிதத்தைப் பிறகுதான் படித்தேன். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பேச்சாளரை இரண்டு வரியில் அறிமுகம் செய்தால் போதும். பயணச் செலவைக் கவரில் போட்டு, கூட்டம் தொடங்கும்முன்பே கொடுத்துவிடுங்கள்.

இனி கேள்வி நேரம். நான் இத்தனையும் எழுதுவது இதற்காகத்தான். மைக்கை நீட்டிக் கேள்வி கேளுங்கள் என்றால், எந்தக் கூட்டத்திலும் அதே நாலு ஆண்கள்தான் எழுந்திருப்பார்கள். அதிலும் இரண்டு பேர் கேட்க மாட்டார்கள், தாங்களே பேசுவார்கள். அதனால் நாங்கள் துண்டுச் சீட்டுக்கு மாறினோம். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும் பென்சிலும் கொடுக்கிறோம். பேச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம், சுக்குக் காபி. அந்த நேரத்தில் எழுதி மடித்துத் தர வேண்டும். எல்லோரும் தர வேண்டும் என்பது முக்கியம். கேள்வி இல்லாதவர் ஒரு கோடாவது போட்டுத் தரட்டும். அப்போதுதான் யார் எழுதியது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சீட்டுகளைக் கலந்து, பெயர் இல்லாமல் நீங்களே வாசியுங்கள். கூட்டம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உறுப்பு தானக் கூட்டத்தன்று நாலாக மடித்த ஒரு சீட்டு வந்தது. ‘அண்ணனுக்குச் சிறுநீரகம் தருவதாகச் சொல்லிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. மாட்டேன் என்றால் பாவமா?’ வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஒருங்கிணைப்பாளர் உடனே பதில் சொல்லவில்லை. சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். “ஆபரேஷன் தொடங்கும்வரை எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. உங்கள் மருத்துவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு என்ன சொல்வது என்பதையும் அவரிடமே பேசுங்கள்” என்றார். பாவமா என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அரங்கைப் பார்த்தார். இருபது நிமிடம் எல்லோரும் பேசினார்கள். பெண்களும் எழுந்து பேசினார்கள்.

இப்படிப்பட்ட சீட்டு வந்தால் ‘எழுதியது யார்’ என்று யாரும் திரும்பிப் பார்க்க விடாதீர்கள். நீங்கள் தலை நிமிர்ந்து ஒரு பக்கம் பார்த்தாலே போதும், கூட்டம் முழுதும் அந்தப் பக்கம் பார்க்கும். கண் சீட்டிலேயே இருக்கட்டும்.

நேரம் போதாமல் மிஞ்சும் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்று மிஞ்சியது ஏழு. அதில் மூன்று, வார்த்தை மாறினாலும் ஒரே கேள்வி: வீட்டில் யாருடைய சிறுநீரகம் வேண்டும் என்று வந்தாலும் ஏன் முதலில் பெண்களைப் பார்க்கிறார்கள்? அடுத்த மாத நோட்டீஸில் அதை அப்படியே அடித்தோம்.