லினக்ஸ்ல ஸ்க்ரீன் கருப்பா நின்னா என்ன பண்றது

கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் பண்ணதும் ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சுன்னா உடனே ஓஎஸ்ஸ திரும்ப இன்ஸ்டால் பண்ண கிளம்பிடாதீங்க. கிரப் மெனுல (பூட் ஆகும்போது எந்த ஓஎஸ்னு கேக்குற லிஸ்ட்) 'e' கீய தட்டி, linuxனு ஆரம்பிக்கிற வரியோட கடைசில nomodeset சேர்த்து பூட் பண்ணுங்க, பெரும்பாலும் டெஸ்க்டாப் வந்துடும். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது.

என்விடியான்னா முதல்ல செக்யூர் பூட்ட (சைன் ஆகாத சாஃப்ட்வேர பூட்ல தடுக்கிற பயாஸ் செட்டிங்) பாருங்க, அது ஆன்ல இருந்து டிரைவர் மாட்யூல் சைன் ஆகலன்னா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அத லோடே பண்ணாது. கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம்தான் தொல்லைன்னா புது கெர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லாம டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புது கெர்னலுக்கும் டிரைவர் மாட்யூல திரும்ப பில்ட் பண்ற டூல்) பில்ட் ஃபெயில் ஆயிருக்கலாம், பழைய கெர்னல்ல பூட் பண்ணி சரி பண்ணிக்கோங்க.

ஏஎம்டிக்கு டிரைவர் கெர்னல்லயே இருக்கு, ஆனா புது கார்டுன்னா கெர்னல், மேசா (கேம், ஆப்புக்கான கிராஃபிக்ஸ் லைப்ரரி), கார்டோட ஃபர்ம்வேர் மூணும் புதுசா வேணும்.

கேம் நடுவுல ஃப்ரீஸ் ஆகுதா? journalctl கமாண்ட்ல போன பூட்டோட லாக்ல Xid 79னு (என்விடியா டிரைவரோட எரர் நம்பர்) இருந்தா கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்க பஸ் கனெக்‌ஷனே விட்டுப்போச்சுன்னு அர்த்தம், டிரைவர மாத்திட்டே இருக்காம பவர் கேபிள், சூடு ரெண்டையும் செக் பண்ணுங்க.