எழுத்து வராதவர்களுக்கு ஃபோனில் உதவப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

தொண்டு நிறுவனமோ ஆப் செய்கிற பையன்களோ, முதலில் போய் விழுவது எஸ்எம்எஸ்ஸில்தான். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிதான் இடம், ஆங்கிலத்தில் 160. அதனால் காசை மிச்சம் பிடிக்கத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். தமிழே வாசிக்க வராத அம்மாவுக்கு அது எதற்கு? கடைசியில் ஏழாவது படிக்கிற பேத்திதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது என்றால் பரவாயில்லை, காசநோய் மாத்திரை, கருத்தடை விஷயத்தையெல்லாம் அந்தப் பிள்ளை வாயால் கேட்க வைக்கலாமா?

சரி, குரல் அழைப்புக்கு மாறுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் "தங்கள் விருப்பத்தை உள்ளீடு செய்யவும்" என்று ஆரம்பித்தால் உசிலம்பட்டியில் யார் காதில் வைத்திருப்பார்கள்? அந்த ஊர்க்காரர் ஒருவரையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். "ஒன்றை அழுத்தினால் நெல் விலை" என்று எண்ணை முதலில் சொல்லாதீர்கள், விஷயம் காதில் விழுவதற்குள் எண் மறந்துவிடும். "நெல் விலைக்கு ஒன்று" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள், ஏனென்றால் டச் ஃபோனைக் காதில் வைத்ததும் திரை அணைந்துவிடும், கீழே இறக்கி அழுத்துவதற்கு நேரம் வேண்டும். எண் தெரியுமா என்ற கவலை பெரும்பாலும் வேண்டாம். மாட்டுத்தாவணியில் பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர்கள்தான் இவர்கள். பகல் பதினோரு மணிக்குக் கூப்பிடாதீர்கள், களையெடுப்பிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவீர்கள் என்பதை மகளிர் குழுக் கூட்டத்தில் நேரில் சொல்லிவிடுங்கள். 140 என்று ஆரம்பிக்கிற விளம்பர அழைப்புகளால் நொந்துபோய்த் தெரியாத நம்பரை எடுக்கவே பலர் பயப்படுகிறார்கள்.

உங்கள் பட்டியலில் இருக்கிற நம்பர் அம்மா பேரில் இருக்கும், ஃபோன் திருப்பூரில் வேலை பார்க்கிற மகனிடம் இருக்கும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடிபி சமாச்சாரம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பாடம் எடுக்கிறோம், ஆனால் அது ஆங்கில மெசேஜுக்குள் ஒளிந்து வருகிறது, எதற்கு வந்தது என்று தெரிய ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் ஃபோனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நல்ல கடைக்காரராக இருந்தால் பிழைத்தார்கள். ஓடிபியைத் தமிழில் குரலாகவே அனுப்பலாம், "இது உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கிற எண்" என்று காரணத்தையும் சேர்த்து. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதை மனப்பாடமாகவே சொல்லிக்கொடுங்கள்.

பேத்தியோ கடைக்காரரோ, நடுவில் ஒரு ஆள் இருக்கத்தான் செய்வார். அவர் யார் என்று முடிவு பண்ணாமல் விடுவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் 2001 இல் சென்னை ஐஐடி, ஹார்வர்ட், எம்ஐடி எல்லாம் சேர்ந்து 'சாரி' என்ற திட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் இணைய மையம் திறந்தார்கள். மையத்தை நடத்துகிறவர், வருகிறவர்களின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார், ஜனங்கள் எதையும் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் வருமானம் கட்டவில்லை, ஆர்வமான அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அங்கே கிடைத்த அரசுச் சேவைகளும் படுத்துவிட்டன, பல மையங்கள் மூடப்பட்டன. அரவிந்த் 2004 முதல் தொடங்கிய பார்வை மையங்கள் இன்றும் ஓடுகின்றன. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் சம்பளத்துக்கு உட்கார்ந்து கண்ணைச் சோதிக்கிறார், மருத்துவர் வீடியோவில் வருகிறார். உங்கள் பட்ஜெட்டில் ஆப்புக்கு எழுதுவதற்கு முன்னால் அப்படி ஒருவருடைய மாதச் சம்பளத்தை எழுதுங்கள்.