காரையில் புதைபடிவம் தேடும்போது செய்யக் கூடாதவை

பெரம்பலூர் மாவட்டம் காரையில், மழை அறுத்துப் போட்ட செம்மண் மேடுகளில் இறங்கியதும் பெரும்பாலும் கண்ணில் படுவது பெலம்னைட். தேன் நிறத்தில், துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு முனை கூராக இருக்கும். கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரின் எச்சம் அது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. பார்த்த சந்தோஷத்தில் சட்டென்று எடுத்துப் பையில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் குழுவில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

காரையில் மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் வயது வேறு. சரிவில் பதிந்திருந்ததா, ஓடையில் உருண்டு வந்ததா என்று தெரியாவிட்டால் அந்தக் கல்லால் ஆராய்ச்சிக்குப் பெரிதாகப் பயனில்லை. என்னிடம் ஓர் அம்மோனைட் இருக்கிறது; சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம். சுருளின் வரிகள் அத்தனை தெளிவு. மற்ற கற்களோடு ஒரே பையில் போட்டதால் விளிம்பு உதிர்ந்துவிட்டது. எந்த ஓடையில் எடுத்தேன் என்பதும் நினைவில்லை. இன்றும் மனசு கேட்கவில்லை.

அதனால் தொடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்து, எண் போட்டு, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளை 1987-ல் விவரித்து எழுதினார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். பின்னாளில் அவை நொறுங்கி இல்லாமலே போய்விட்டன. இன்று கையில் இருப்பது அன்று எழுதிய அளவுகளும் சில படங்களும்தான்.

உருண்டையாக ஒரு கல் கிடைத்தால் உடனே டைனோசர் முட்டை என்று பரப்பாதீர்கள். ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ சுற்றி மண் இறுகினாலும் அப்படித்தான் உருண்டு வரும். அழுக்குப் போக வினிகரில் ஊறப்போடவும் வேண்டாம். சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

அப்புறம் அனுமதி. சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. சாத்தனூர் கல்மரம் தேசிய புவியியல் சின்னம். அதிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள்.

சுத்தியலைவிடத் தண்ணீரும் தொப்பியும் முக்கியம்; காரையில் ஒதுங்க நிழல் கிடையாது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும், தை மாதக் காலையில் போங்கள். மழை புதிதாகக் கழுவிவிட்ட சரிவில், சாய்ந்த வெயிலில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சுருளின் வரிகூட நிழல் விழுந்து தெரியும்.