ஆடி தேய்க்கும்போது வளைவை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைநோக்கிக்கான குழி ஆடியைத் தாங்களே தேய்த்துச் செய்ய வருபவர்களுக்குக் கூட நின்று உதவுகிறேன். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். கணக்கில் எண்ணை மாற்றிப் போடுவது, அளவைக் குறித்து வைக்காமல் விடுவது எல்லாம் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடு ஆழம் வந்ததும் முடிந்தது என்று நினைப்பது

200 மி.மீ. விட்டத்தில் 1200 மி.மீ. குவியத் தூரம் வேண்டுமென்றால் நடுவில் 2.08 மி.மீ. ஆழம் வேண்டும். ஆரத்தின் வர்க்கத்தைக் குவியத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது இது. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நடுவில் ஃபீலர் கேஜைச் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) செருகி, 2.08 வந்ததுமே இன்னும் நுண்ணிய அடுத்த தேய்ப்புத் தூளுக்குத் தாவிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

ஆழம் வேறு, வளைவு வேறு. தொடக்கத்தில் வேகமாகக் குழி எடுக்கும்போது கருவியின் (ஆடியோடு சேர்த்துத் தேய்க்கும் வட்டத் தட்டின்) ஓரம் ஆடியின் நடுவைத்தான் அதிகம் கடிக்கும். நடுவில் பள்ளம் விழும். வெளிவட்டம் தட்டையாகவே நிற்கும். ஓர் இளைஞர் கொண்டுவந்த ஆடி அப்படித்தான் இருந்தது. ஸ்கேல் அளவு கச்சிதம். 50 மி.மீ. ஆர வட்டத்தில் கால்கள் அமைந்த கோளமானியை (வளைவின் ஆழத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) நடுவில் வைத்தேன். 0.52 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 0.70 காட்டியது, நடுப்பகுதியின் குவியத் தூரம் 900-க்கும் கீழே போயிருந்தது. ஓரத்துக்கு நகர்த்தினால் 0.46. அதற்குள் அவர் 220-ஆம் எண் நுண்தூளில் பல மாலைகளைச் செலவழித்திருந்தார். அந்தத் தூளால் இவ்வளவு கண்ணாடியை எடுத்து மாளாது. மறுபடி 80-ஆம் எண் பருந்தூளுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

கோளப் பரப்பில் எங்கே வைத்தாலும் ஒரே அளவுதான் வரும். நடு, ஓரம், அப்புறம் ஆடியைத் திருப்பி வைத்து மீண்டும் ஓரம் என்று பாருங்கள். முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை அதே தூளில், நடுவுக்கு மேல் நடு போகும்படி, விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வீச்சில் தேயுங்கள். பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுச் சிறிது தேய்த்தால், எங்கே ஒட்டவில்லை என்பதை அழியாத கோடே காட்டிவிடும்.

ஜன்னல் கண்ணாடியில் பூஜ்யம் வைப்பது

கோளமானியைத் தட்டையான பரப்பில் வைத்துத்தான் பூஜ்யமாக்க வேண்டும். மெல்லிய கண்ணாடியோ வளையும். மேலே சொன்ன கோளமானியில் பூஜ்யம் 0.01 மி.மீ. பிசகினாலே குவியத் தூரம் 23 மி.மீ. தள்ளிப்போகும். கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகத் தட்டையாக்கிய கல் பலகை) வையுங்கள்.

கழுவாமல் அளப்பது

80-ஆம் எண் தூளின் ஒரு துகளே சுமார் 0.2 மி.மீ. இருக்கும். கழுவுங்கள்.

விளிம்புச் சரிவை மறப்பது

ஆடியின் விளிம்பைச் சுற்றிச் சாய்வாகத் தேய்த்த பகுதிதான் சரிவு. ஸ்கேல் அதன் உள்ளோரத்தில்தான் உட்காரும். சுற்றிலும் 2 மி.மீ. சரிவு இருந்தால் கணக்கில் ஆரம் 98. வர வேண்டிய ஆழம் 2.00 மட்டுமே.

நனைத்துப் பார்க்காமல் விடுவது

அளவுகருவி சொல்வதை ஒளியிடமும் கேட்க வேண்டும். ஆடியை நனைத்து நிமிர்த்தி வையுங்கள். கண்ணருகே டார்ச்சைப் பிடித்து மெல்ல அசையுங்கள். ஆடியில் தெரியும் வெளிச்சம் டார்ச் போகும் பக்கமே போனால், வளைவு மையத்துக்கு (ஆடியின் பரப்பு எந்தக் கோளத்தின் பகுதியோ அதன் மையத்துக்கு) இந்தப் பக்கம், ஆடிக்கு அருகில் இருக்கிறீர்கள். பின்னால் நகர நகர ஓரிடத்தில் அது எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கும். அங்கிருந்து ஆடிவரை உள்ள தூரத்தில் பாதிதான் குவியத் தூரம். நீர் சீக்கிரம் காயும், ஆகவே தெளிப்பான் கையிலேயே இருக்கட்டும். இந்த அளவும் கோளமானியின் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கோளமானியின் பூஜ்யத்தை.