கரி வடிகட்டி வைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் வடிகட்டியில் போடும் கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன், நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது. கொட்டாங்கச்சிக் கரியை 800 முதல் 1,000 டிகிரி சூட்டில் நீராவி படவைத்தால் அதற்குள் நுண்துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். பூச்சிமருந்து, சாயம், நாற்றம் தரும் பொருள்கள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. காவிரி டெல்டாவில் நான் பார்க்கிற தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

உப்புக்காக இதை வாங்குவதுதான் அதிகம் நடக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் கரிக்கிறது என்று கரி வடிகட்டி மாட்டுகிறார்கள். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் எதையும் கரி பிடிக்காது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் அப்படியேதான் நிற்கும். மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது, அதனால் பூச்சிமருந்து இல்லை என்று நம்புவதும் அதே அளவு தவறு. வயலில் அடித்த மருந்து தண்ணீரில் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அது அந்த மீட்டருக்குத் தெரியாது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையிலும் பூச்சிமருந்து சேராது. சந்தேகம் இருந்தால் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

அடுப்புக்கரியை இடித்துப் போட்டால் போதும் என்பார்கள். போதாது. அதில் துளைகள் சரியாகத் திறந்திருக்காது.

நல்ல கரியே வாங்கினாலும், தண்ணீர் அதோடு தங்கும் நேரத்தை யாரும் கேட்பதில்லை. 10 லிட்டர் கரிப் படுகையில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் 10 நிமிடம் கிடைக்கும், அது நல்ல அளவு. அவசரத்துக்குக் குழாயை முழுதாகத் திறந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஒரு நிமிடம்தான். மருந்தின் பெரும்பகுதி கரியைத் தொடாமலே வெளியே வந்துவிடலாம்.

மேட்டூர் திறந்து, புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது அதை நேரே கரியில் விடாதீர்கள். சேறு துளைகளின் வாயை அடைத்துவிடும். படிகாரமோ தேற்றாங்கொட்டையோ போட்டுத் தெளியவைத்து, மணலில் வடித்த பிறகு விடுங்கள். கரி கிருமியையும் கொல்லாது. குளோரினை அது எடுத்துவிடுவதால் வடிகட்டிக்குள்ளேயே கிருமி வளரும். அதனால் வடித்த பிறகு காய்ச்சுங்கள்.

அடுத்தது சேறு. நஞ்சு படிந்த வண்டலில் கரியைக் கலந்து, அது தண்ணீருக்கும் மீனுக்கும் போகாமல் கட்டிப்போடும் முறையை அமெரிக்காவிலும் நார்வேயிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். காய்ந்த சேற்றின் எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை கரி போடுவார்கள். நஞ்சு அங்கேயேதான் இருக்கும், கரியோடு ஒட்டிக்கொண்டு. அங்கே செய்ததை நம் வாய்க்காலில் அப்படியே செய்ய முடியாது. இங்கே மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரிச் சேற்றைக் கரையில் கொட்டுகிறோம், வயலுக்கும் அள்ளிப் போகிறோம். கரி கலந்த சேறும் அதோடு போகும். தூர்வாராவிட்டாலும் முதல் வெள்ளம் கரியை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டமில்லாத, தூர்வாரப்படாத குட்டைக்கு மட்டுமே இதை யோசிக்கலாம். அங்கேயும் அளவு மீறினால் சேற்றில் வாழும் புழுக்களுக்குக் கெடுதல். கரி வயலில் சேர்ந்தால் களைக்கொல்லியையும் அது பிடித்துக்கொள்ளும், மருந்து வேலை செய்யாது. எனக்குக் கேட்டால், வரப்பிலிருந்து மருந்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்காமல் தடுப்பதில் முதல் ரூபாயைச் செலவழிப்பேன்.

கரி நிரம்பிவிட்டால் பிடித்ததைத் திரும்ப விடவும் செய்யும். வெயிலில் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும் என்பது தவறு. சூளையில் 800 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கினால்தான் துளைகள் மீளும். மருந்து பிடித்த பழைய கரியை எருக்குழியிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று விற்பவரிடம் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

பெரிய தொட்டியில் கரி மாற்றும்போது யாரையும் சட்டென்று உள்ளே இறக்காதீர்கள். ஈரக் கரி மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், இறங்கியவர் மூச்சுத்திணறிச் சாகலாம். முடிந்தவரை வெளியே நின்றே கரியை அள்ளி எடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே ஆக்சிஜன் இருக்கிறதா என்று கருவியால் அளக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.